ஐயர் வாங்கிக் கொடுத்த கிட்டார்

செண்பகத்தோப்புக்குப் போகும் சாலையில் ஒரு தென்னந்தோப்பு. அதற்குள் பழைய மோட்டார் ரூம் ஒன்று இருந்தது. அவர்கள் அதற்குள்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வெகுதூரம் வெயிலில் நடந்து வந்திருந்த நான், வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே கிட்டார்காரன் ஒரு சுரத்தைப் பிடித்தான். அதை விடாமல் மெல்ல வளைத்து மேலே கொண்டுபோய், இறக்காமல் அங்கேயே நிறுத்தினான். ஆள் கறுப்பா சிவப்பா என்று பார்ப்பதற்கு முன்பே எனக்கு அவனைப் பிடிக்காமல் போய்விட்டது.

அவர்களைப் பற்றி எழுதத்தான் போயிருந்தேன். ராஜபாளையத்தில் ஒரு அச்சகத்துக்காரர் மாதப் பத்திரிகை நடத்துகிறார். பாதிக்கு மேல் விளம்பரம், மிச்சத்தில் ஊர் விஷயம். அந்த மிச்சத்தில் கொஞ்சம் நான் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதுகிறான் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. சின்ன ர, பெரிய ற இரண்டையும் டைப் அடிக்கிற பெண் திருத்திக்கொள்வாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல மூணு பேரு ராக் வாசிக்காங்களாம்யா. கிறிஸ்தவப் பாட்டு, ஆனா ராக். போய்ப் பாரு" என்றார். "தூக்கி வைக்கவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். உள்ளத உள்ளபடி எழுது."

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. மேற்கோள் குறிக்குள் வருவது ஒருவர் வாயிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அச்சுக்குப் போகும் முன்பு சொன்னவருக்கே ஃபோன் போட்டு வாசித்துக் காட்டுவார். அதனால் அவர் பத்திரிகையில் வந்ததை மறுத்து இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தக் கதவுக்கு வெளியே எனக்கு என்ன ஆனது என்று புரியாது. மகாராஜபுரத்தில் எங்கள் நிலம் போன பிறகு நான் ஒரு இடத்தில் நின்றதில்லை. ராஜபாளையத்தில் பஞ்சு மில், திருப்பூரில் சாயப்பட்டறை, லாரியில் புனே வரைக்கும் கிளீனர், நாசரேத் பக்கம் ஒரு ஆஸ்டலில் மாவாட்டும் வேலை. சாயப்பட்டறையில் காலில் தோல் உரிந்தது, புனேயில் ஒரு மழைக்காலம் லாரிக்கு அடியில் படுத்தேன். எல்லோருக்கும் நடப்பதுதான். கடைசியில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஸ்பீக்கர் தூக்கப் போய், வேனில் கிடந்த கிட்டாரை எடுத்துத் தட்டித் தட்டி மூன்று கார்டு, அதாவது மூன்று விரல்பிடிப்பு, கற்றுக்கொண்டேன். மூன்று கார்டு தெரிந்தால் பாதிப் பாட்டுக்குக் கையை ஓட்டலாம். மேடையின் பின்வரிசையில் நிற்க வைத்தார்கள். கோயில் கொடைகளில் இரண்டு வருடம் வாசித்தேன்.

ஒரு கொடையில், என் கிட்டாரிலிருந்து போகும் வயர் மிக்சரில் செருகப்படாமல் மேடைக்கு அடியில் கிடப்பதைப் பார்த்தேன். கேட்டதற்கு, "இன்னைக்கு மறந்துட்டோம்ப்பா" என்றார்கள். இன்றைக்கு மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. குழு கலைந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. என் விரல் பத்தும் இன்றைக்கும் நன்றாகவே இருக்கின்றன. வாசிப்புதான் வரவில்லை.

இப்படிப்பட்டவன்தான் அந்தக் கதவைத் தட்டினேன்.

உள்ளே மூன்று பேர். பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். இருபத்தைந்து வயது இருக்கலாம். டிரம்ஸில் உட்கார்ந்திருந்தது அவனுடைய அக்கா, நர்சரிப் பள்ளி டீச்சர். பேஸ் கிட்டார் வாசித்தவர் மில்லில் ஃபிட்டர், அதிகம் பேசாதவர். சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவர் முழுக்க மில் கழிவுப்பஞ்சை மூட்டையாகக் கட்டி அடுக்கியிருந்தார்கள். அது ஃபிட்டரின் ஏற்பாடு. பாட்டுக்குப் பாட்டு யாராவது ஒருவர் தும்மினார்கள்.

"சத்தம் அப்படியும் வெளிய வருதே" என்றேன்.

"வரட்டும்ணே. நாங்க வாசிக்கிற அன்னைக்குப் பன்னி வரதில்லன்னு தோப்புக்காரர் சந்தோசமா இருக்காவ" என்றாள் அக்கா. "வாடகையே கேக்கதில்ல. தெனமும் வாசிங்கன்னு சொல்லுதாவ."

காட்டுப்பன்றியை விரட்டும் கிறிஸ்தவ இசை. கேட்டதும் என் மனம் குளிர்ந்தது. அதைக் கட்டாயம் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அதற்கு அவர்களே என்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள். அதில் பாதி ருசி போய்விட்டது.

தொடர்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எல்லாம் அவர்களே கட்டிய பாட்டுகள். கண்ணாடிக் கடைக்காரன் விரல்களைப் பார்க்காமலே வாசித்தான். நான் என் விரல்களைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. ஒரு இடத்தில் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் ஒரே நொடியில் நிறுத்தி, மூச்சு விடும் நேரம் விட்டு, ஒரே நொடியில் தொடங்கினார்கள். எங்கள் குழுவில் ஏழு பேர். நிறுத்தும்போது ஏழு பேரும் ஏழு தடவை நிறுத்துவோம்.

பாட்டு முடிந்ததும் அக்கா குச்சியைத் தம்பியை நோக்கி நீட்டினாள்.

"ஏலே, சரணத்துல தாளத்துக்கு முன்னாடி ஓடுத."

"நீதான் பின்னாடி வார."

"நான் நின்ன எடத்துலதான் நிக்கேன். நீ எங்க ஓடுதன்னு ஒனக்கே தெரியல."

"போக்கா. கிட்டாருன்னா கொஞ்சம் ஓடத்தான் செய்யும்."

"கிட்டாரு ஓடாது. நீதான் ஓடுத."

அந்தச் சண்டையைக் கேட்டதும்தான் எனக்கு ரொம்ப எரிந்தது. என்னிடம் யாரும் நீ முன்னாடி ஓடுகிறாய் என்று சொன்னதில்லை. என் சத்தம் கேட்டிருந்தால்தானே சொல்வார்கள்.

ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது பாட்டில் ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து பாட்டை விழுங்கிவிட்டன. மேல் சுரத்தில் அவன் குரல் லேசாக இறங்கியது. இரண்டையும் சந்தோஷமாக மனதில் குறித்துக்கொண்டேன்.

டீ வந்தது. ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டு நடுவில் வைத்தேன். எதற்காக இப்படி எழுதச் சொல்லி வற்புறுத்தினீர்கள் என்று கேட்டேன். அச்சகத்துக்காரரை நாலைந்து தடவை இவர்களே ஃபோனில் கூப்பிட்டிருந்தார்கள்.

"அசனத்துக்குண்ணே" என்றான் தம்பி.

அசனம் என்பது வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் சபையில் ஊரைக் கூட்டிச் சோறு போடும் திருவிழா. அன்றைக்குப் பாட்டும் உண்டு.

"போன அசனத்துல வாசிச்சோம்" என்றாள் அக்கா. "ரெண்டாவது பாட்டுல ஒரு தாத்தா நேரா போயி மெயினை ஆஃப் பண்ணிட்டாவ. இவன் கிட்டார் செத்துப்போச்சு, மைக் செத்துப்போச்சு. எனக்குத்தான் கரண்டே வேண்டாமே. நான் அடிச்சு முடிச்சிட்டுத்தான் எந்திரிச்சேன்."

"அதான் பெரிய பிரச்சனையாச்சு" என்றான் தம்பி. "இந்த வருசம் கமிட்டியில முடியவே முடியாதுன்னுட்டாவ. ஐயர்தான், வெளியாள் ஒருத்தர் கேட்டு எழுதட்டும், அதக் கமிட்டியில வாசிச்சுக் காட்டுதேன், பொறவு முடிவெடுப்போம்னு சொன்னாவ. இப்ப எல்லாம் நீங்க எழுதுததுலதான் இருக்குண்ணே. நல்லதா எழுதச் சொல்லல. சரியா எழுதச் சொன்னாவ."

"ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம்" என்றார் ஃபிட்டர். அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

"வேற ஊர்கள்ல கூப்பிட மாட்டாங்களா?"

"கூப்பிடுதாவ. மதுரையில கூடக் கூப்பிடுதாவ" என்றாள் அக்கா. "சொந்தக் கோயில்ல மெயினை ஆஃப் பண்ணுவாவ, வேற ஊருல போயி வாசிக்கணுமாக்கும்? இந்த வருசமும் இல்லன்னா நான் விட்டுருதேன். எனக்கு ஸ்கூல் வேலையே போதும்."

தம்பி அவளைப் பார்க்கவில்லை. என் ஃபோனைப் பார்த்துச் சொன்னான்: "எங்களுக்கு எல்லாமே கோயில்தான்ணே. மொத கிட்டாரே ஐயர் வாங்கிக் குடுத்ததுதான்."

அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. நாசரேத் பக்கத்து ஆஸ்டலில் மாவாட்டிய காலத்தில், "நாளைக்கு ஐயர் சாப்பிட வாராவ" என்று சொன்னார்கள். நான் கறிச்சட்டியைத் தூக்கிக் கிடங்கில் ஒளித்துவைத்துவிட்டு, வாழைக்காய் நறுக்கி வைத்தேன். பேண்ட் சட்டை போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்து, "கறி எங்கப்பா?" என்றார். அந்தச் சபைக்காரர்களுக்குப் போதகர்தான் ஐயர், தேவாலயம்தான் கோயில். அன்றிலிருந்து அது எனக்குத் தெரியும். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் என்று ஒருவன் பொதுவாகச் சொன்னால், கேட்கிறவன் தலை தன்னால் கோபுரத்தின் பக்கம் திரும்பும். அங்கே பூஜை செய்யும் பட்டரையும் எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வோம்.

ராஜபாளையத்துக்குத் திரும்பி, பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எழுதினேன். குறைகளை எழுதும்போது கை பறந்தது. மூன்றாவது பாட்டில் ஒரு வார்த்தை விளங்கவில்லை என்பதை மூன்று வாக்கியத்தில் எழுதினேன். நிறைகளை எழுதும்போது டீ மேல் டீயாகக் குடித்தேன். அந்த வளைந்த சுரத்தைப் பற்றி எழுதி, அடித்து, திரும்ப எழுதினேன். இல்லாததைச் சொல்லவில்லை, இருந்ததை விடவும் இல்லை. பிறகு மேற்கோள் வந்தது. கோயில், ஐயர். பக்கத்தில் ஒரு விளக்கம் போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை. அவன் வாயில் வந்தது வந்தபடி இருந்தது. சட்டம் அதுதான்.

அச்சகத்துக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், ராஜபாளையத்தை விட்டு அதிகம் வெளியே தங்காதவர். அவருடன் படித்த கிறிஸ்தவர்கள் கத்தோலிக்கர்கள். அவர்கள் தங்கள் குருவைச் சாமியார் என்பார்கள், இல்லாவிட்டால் ஃபாதர். பாதியில் நிமிர்ந்தார்.

"ஏமய்யா, இத ஏன் நடுவுல ஒளிச்சு வச்சிருக்க? இதுதான தலைப்பே!"

"எது அண்ணாச்சி?"

"கோயில் ஐயரு கிறிஸ்தவப் பசங்களுக்குக் கிட்டார் வாங்கிக் குடுத்திருக்காரு! அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல! பாகுந்தி, பாகுந்தி."

அவர் வழக்கப்படி ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் வைத்தார். கண்ணாடிக் கடைக்காரன் எடுத்தான். மேற்கோளை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார்.

"சரியா இருக்கா தம்பி?"

"சரியா இருக்குய்யா."

"கோயில் ஐயருதான?"

"ஆமாய்யா. எங்க ஐயருதான்."

"அவரு பேரு போடலாமா?"

"வேண்டாம்யா. அவியளுக்குப் புகழ்ச்சி பிடிக்காது."

"பெரிய மனுசன்யா!" என்று சொல்லி ஃபோனை வைத்தவர், கையை நெஞ்சில் வைத்தபடி கொஞ்ச நேரம் காற்றாடியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

கேட்டவருக்கும் சந்தேகமில்லை, சொன்னவனுக்கும் சந்தேகமில்லை. அந்த அறையில் உண்மை தெரிந்தவன் நான் ஒருவன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பத்திரிகை வந்த அன்றே, எந்த ஐயர் என்று ரத வீதியில் நாலு பேர் கேட்பார்கள். ஐயர்கள் எல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யாராவது கோபப்படுவார்கள். கமிட்டியில் அந்தத் தாத்தா பத்திரிகையைத் தூக்கிக் காட்டி, இவனுகளால் நம் ஐயருக்கு வந்த அவமானத்தைப் பாருங்கள் என்பார். அசனத்தில் பாட்டு கிடையாது. அக்கா குச்சியைக் கீழே வைத்துவிடுவாள். கிட்டார்காரன் முன்னாடி ஓடினாலும் பின்னாடி ஓடினாலும் சொல்ல ஆள் இருக்காது. நான் ஒரு எழுத்துகூடப் பொய் எழுதவில்லை. கேட்டால் ரெக்கார்டிங் இருக்கிறது. இதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். நினைக்க நன்றாகத்தான் இருந்தது.

அச்சகத்துக்காரர் எழுந்து நடக்க ஆரம்பித்தார்.

"இது இங்க நிக்காதுய்யா. மதுரையில இருந்து டிவிக்காரன் வருவான். நடுவுல கிட்டாரு, ஒரு பக்கம் அந்தப் பையன், ஒரு பக்கம் குடுமியோட ஐயரு. ஒரு போட்டோ போதும், எல்லார் ஃபோன்லயும் ஓடும். சண்டை போடுறவன் போடட்டும், அதுலயும் பேருதான். அந்தப் பய எங்கயோ போயிருவான் பாரு!"

அது எனக்குத் தோன்றவே இல்லை. மோட்டார் ரூமில் கேமரா நிற்பதை மனக்கண்ணில் பார்த்தேன். பஞ்சு மூட்டைக்கு முன்னால் அவன் உட்கார்ந்து, அந்தச் சுரத்தை வளைத்துக் காட்டுவதைப் பார்த்தேன். அதை டீக்கடையில், பஸ்ஸில், சலூனில் எல்லோரும் கேட்பதைக் கேட்டேன். கான்சாபுரத்தில் இருக்கும் என் சித்தப்பா அந்த வீடியோவை எனக்கே அனுப்பி, நல்லா வாசிக்கான்ல என்று எழுதுவார்.

"அண்ணாச்சி, அது சர்ச் ஐயர்" என்றேன்.

"என்னது?"

"அவங்க போதகரைத்தான் ஐயர்னு சொல்வாங்க. சர்ச்சைத்தான் கோயில்னு சொல்வாங்க."

அவர் நின்றார். திரும்ப வந்து உட்கார்ந்தார். கட்டுரையை எடுத்து அந்த இடத்தை மறுபடி வாசித்தார்.

"அப்ப, அவுங்க ஐயரு அவுங்க பையனுக்கு வாங்கிக் குடுத்திருக்காரு."

"ஆமா."

"இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை."

"தெரிஞ்சுக்கிட்டேவா இப்படி எழுதுன?"

"மேற்கோளுக்குள்ள கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னீங்க."

"மேற்கோளுக்கு வெளிய ஒனக்குக் கை இல்லியா?" என்றார். பேனாவை எடுத்து, அதற்கு முன்னால் அவரே ஒரு வரி சேர்த்தார்: தங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும் இவர்கள் சொல்வது வழக்கம். அவ்வளவுதான். நெஞ்சில் கை வைத்தவருக்கு ஒரு வரியில் எல்லாம் போய்விட்டது. தலைப்பு 'மோட்டார் ரூமில் ஒரு ராக் குழு' என்று ஆனது.

பெரிய சங்கடம் வராமல் காப்பாற்றினாயே என்று டைப் அடிக்கிற பெண் பிற்பாடு என்னைப் பாராட்டினாள். ஏற்றுக்கொண்டேன். அவன் டிவியில் வராமல் பார்த்துக்கொண்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பத்திரிகை வந்து சில நாள் கழித்து அவன் ஃபோன் செய்தான்.

"அண்ணே, கமிட்டியில சரின்னுட்டாவ!"

"எப்படி?"

"அந்தத் தாத்தாதான்ணே. மூணாவது பாட்டுல ஒரு வார்த்தை வெளங்கலன்னு மூணு வரி எழுதிருந்தீங்கள்லா? அதைக் கேட்டதும், நான் அன்னைக்குச் சொன்னத அப்படியே எழுதிருக்கானே, இவன் யாருக்கும் ஆள் இல்ல, மிச்சத்தையும் வாசிங்கன்னாவ. மிச்சத்தக் கேட்டுட்டு, வார்த்தை வெளங்குத மாதிரின்னா வாசிக்கட்டும்னு சொல்லிட்டாவ. நீங்க மட்டும் சும்மா புகழ்ந்து எழுதிருந்தீங்கன்னா முடிஞ்சுபோயிருக்கும்ணே. ரொம்ப தேங்க்ஸ்."

நான் எதை வயிற்றெரிச்சலில் எழுதினேனோ அதற்கு நன்றி சொன்னான். பரவாயில்லை என்றேன்.

அசனத்துக்குக் கூப்பிட்டான், போனேன். பந்தலுக்கு அடியில் ஊரே இருந்தது. தங்கள் ஐயரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். வெள்ளைச் சட்டை போட்ட மெலிந்த மனிதர். "சரியா எழுதிருந்தீங்க" என்றார். நன்றாக எழுதியிருந்தீர்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன்.

வாசித்தார்கள். கிட்டாரின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்திருந்தான். அக்கா குச்சியை விட்டுவிட்டு, சில இடங்களில் வெறும் கையால் தட்டினாள். மூன்றாவது பாட்டின் வார்த்தைகள் முதல் முறையாகக் கேட்டன. சாதாரணமான வார்த்தைகள்தான். எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா இரண்டாவது தடவை அந்த வரி வரும்போது கூடவே பாடினார். மூன்றாவது தடவை பந்தலில் பாதிப்பேர் பாடினார்கள். சத்தம் குறைந்ததால் அந்தச் சுரம் வளையும்போது இன்னும் தெளிவாகக் கேட்டது. என் கட்டுரையால் அவன் வாசிப்பு முன்பைவிட நன்றாகிவிட்டது. இதை எங்கே போய்ச் சொல்ல?

முடிந்ததும் அக்கா வியர்வையோடு என்னிடம் ஓடி வந்தாள்.

"எப்படிண்ணே இருந்துச்சு?"

"வார்த்தை கேட்டுச்சு."

"அது சரி. வாசிப்பு?"

"ரெண்டாவது பாட்டுல தம்பி கொஞ்சம் முன்னாடி ஓடுனான்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஏலே!" என்று பந்தலின் அந்தக் கோடி வரைக்கும் கத்தினாள். "நான் சொன்னேம்லா! அண்ணனும் சொல்லுதாவ பாரு!" என்று சொல்லிக்கொண்டே அவனைத் தேடிப் போனாள். அடுத்த வருடம் முழுக்க அவர்களுக்குச் சண்டை போட இது போதும்.

நான் பந்தியில் போய் உட்கார்ந்தேன். இலை போட்டு, சோறு வந்து, கறிக்குழம்பு வந்தது. பக்கத்து இலையில் இருந்தவர் வெளியூர்க்காரர் போலிருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

"கிட்டார் வாசிச்ச பையன் பிரமாதமா வாசிக்கான் என்ன? யாரு அது, ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.